செயற்கைக்கோள் விடு தூது

அன்னத்தையும் கிளியையும் முகிலையும் தூது விடுத்த மரபு நம்முடையது. பிரிந்தோர்க்கும் இருப்போர்க்கும் இடையே ஒரு செய்தி சென்று வரவேண்டும் என்னும் வேட்கையிலிருந்தே தூது இலக்கியம் பிறந்தது. பாலைக்குப் பிரிதலையும் முல்லைக்கு இருத்தலையும் உரிப்பொருளாக வகுத்த தமிழ் இலக்கணம், சுரம் கடந்து செல்வோனுக்குத் தந்த இடத்தை மனையிலிருந்து வழிநோக்குவோளுக்கும் தந்தது. ஒரு பயணத்தில் செல்வோனுக்கு எத்துணைப் பங்கு உண்டோ, அத்துணைப் பங்கு இருப்போர்க்கும் உண்டு. இவ்வுண்மையை மனத்திற்கொண்டு, மோட்டார் சைக்கிளில் நெடும்பயணம் மேற்கொள்வோர் உலகின் பல நாடுகளில் கையாளும் ஒரு சிறு கருவியைப் பற்றிச் சில கருத்துகளை முன்வைக்க விழைகிறோம்.

உள்ளங்கையில் அடங்கும் இக்கருவியைச் செயற்கைக்கோள் தடங்காட்டி எனலாம். புவிக்குமேல் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றிவரும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் குறிப்பலைகளைப் பெற்று, தான் இருக்கும் இடத்தை அது முதலில் கணிக்கிறது. பின்னர் அவ்விடத்தை வேறொரு செயற்கைக்கோள் வழியே உற்றார்க்கு அறிவிக்கிறது. கைப்பேசிக் கோபுரம் எதுவும் அதற்குத் தேவையில்லை. 2007-இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘ஸ்பாட்’ இவ்வகையில் பொதுமக்களிடையே பரவிய முன்னோடிக் கருவியாகும். பத்து நிமிடத்திற்கு ஒருமுறை அது பயணியின் இருப்பிடத்தை அனுப்பியது. ஒரு பொத்தானை அழுத்தினால் ‘நலம்’ என்னும் செய்தி இல்லத்தை அடையும். மற்றொன்றை அழுத்தினால் மீட்பு ஒருங்கிணைப்பு நிலையத்திற்கு அபயக்குரல் செல்லும். ஆயின் அக்குரலை எவரேனும் கேட்டனரா என்பதை அழைத்தவன் அறிய வழியில்லை. 2011-இல் வந்த ‘இன்ரீச்’ இக்குறையை நீக்கியது. சுமார் 780 கி.மீ. உயரத்தில் இயங்கும் 66 இரிடியம் செயற்கைக்கோள்களின் துணைகொண்டு அது செய்தியை அனுப்பவும் செய்தது. மறுமொழியைப் பெறவும் செய்தது.

இதன் அருமையை உணர அலாஸ்காவின் டால்டன் நெடுஞ்சாலையை எண்ணிப் பார்த்தல் போதும். எண்ணெய்க் குழாய்ப் பணிக்காக 1974-இல் அமைக்கப்பட்ட அச்சாலையின் நீளம் 666 கி.மீ. கோல்ட்ஃபுட் என்னும் இடத்திலிருந்து வடகோடியிலுள்ள டெட்ஹார்ஸ் வரை ஏறத்தாழ 385 கி.மீ. தொலைவுக்கு எரிபொருள் நிலையம் கிடையாது. மழை பெய்தால் சரளை மண் சேறாகும். அங்கே சக்கரம் வழுக்கி வீழ்ந்து, கால் முறிந்து கிடக்கும் ஒருவனுக்கு அடுத்த சரக்குந்து வரும்வரை வானமே துணை. அந்த வானத்தையே தூதாக்கிக் கொடுத்தது இக்கருவி.

நம் நாட்டிலும் இத்தகு சாலைகள் உண்டு. மணாலியிலிருந்து லே செல்லும் வழியில் தாண்டி என்னும் ஊரில் நின்ற, அடுத்த எரிபொருள் நிலையம் 365 கி.மீ. எனக் கூறும் பலகை, பயணிகளிடையே பெயர்பெற்றது. அவ்வழியிலுள்ள தங்லாங் லா கணவாய் 5,300 மீட்டருக்கும் மேற்பட்ட உயரமுடையது. அங்கெல்லாம் கைப்பேசி வாய்மூடிக் கிடக்கும் நெடுந்தொலைவுகள் உள. தமிழகத்திலிருந்தும் ஆண்டுதோறும் இளைஞர்கள் மோட்டார் சைக்கிளில் அம்மலைகளை நோக்கிச் செல்கின்றனர். அவர்களுடைய பெற்றோர் இரண்டு நாள், மூன்று நாள் யாதொரு செய்தியுமின்றிக் காத்திருக்கின்றனர்.

ஆயினும் அவ்விளைஞர்கள் இக்கருவியை உரிமமின்றி எடுத்துச் செல்லுதல் குற்றமாகும். 1933-ஆம் ஆண்டுக் கம்பியில்லாத் தந்திச் சட்டம் விதித்த தடை அது. 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டமும் இத்தகு கருவிகளுக்கு அரசின் இசைவைக் கோருகிறது. 2008-இல் மும்பையைத் தாக்கியோர் செயற்கைக்கோள் தொலைபேசியைக் கொண்டு வந்தனர் என்பதை நாடு மறக்கவில்லை. அண்மையில், 2024-ஆம் ஆண்டின் இறுதியில், இத்தகைய தடங்காட்டியை வைத்திருந்த வெளிநாட்டுப் பயணி கோவா விமான நிலையத்தில் பிடிபட்டார். 2025 சனவரியில், இத்தடையைப் பயணிகளுக்கு எடுத்துரைக்குமாறு விமான நிறுவனங்கள் அறிவுறுத்தப்பட்டன.

நாட்டின் பாதுகாப்பு கருதி விதிக்கப்பட்ட கட்டுப்பாட்டை நாம் குறைகூறவில்லை. எல்லைப்புறத்தில் யார் யாருடன் பேசுகிறார் என்பதை அறிய அரசுக்கு உரிமையுண்டு. ஆயின் தடை ஒன்றே வழியா என்பதே நம் வினா. இதற்கு விடையை நாம் வேறெங்கும் தேட வேண்டியதில்லை. நம் கடலிலேயே காணலாம்.

கடலுக்குச் செல்லும் மீனவர்களுக்காக இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் உருவாக்கிய அபயக்குறி அனுப்பும் கருவி 2010 முதல் பயன்பாட்டில் உள்ளது. இத்தகைய கருவிகள் 20,000-க்கும் மேற்பட்டவை வழங்கப்பட்டன. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலின்போது ஆழ்கடலில் இருந்த குமரி மாவட்ட மீனவர் பலர்க்கு எச்சரிக்கை சென்று சேராததன் துயரத்தை நாம் அறிவோம். 2024 சனவரியில் அறிமுகமான இரண்டாம் தலைமுறைக் கருவி, அபயக்குறி கிடைத்தது என்னும் மறுமொழியையும் படகுக்கு அனுப்ப வல்லது. தத்தளிப்பவனுக்கு மீட்புப் படகு வருமுன்னரே கிடைக்கும் முதல் உதவி அம்மறுமொழியே ஆகும். கடலில் செல்வோனுக்குப் பதிவுசெய்த கருவியை வழங்கும் நாடு, மலையில் செல்வோனுக்கும் அதனை வழங்க இயலும் என்பதே நம் துணிபு.

அதற்கு வழியும் உண்டு. ஆஸ்திரேலியாவின் புளூ மவுண்டன்ஸ் பகுதியில் காவல்துறையும் தேசியப் பூங்காத் துறையும் மலைநடைப் பயணிகளுக்கு அபயக்குறிக் கருவிகளைக் கட்டணமின்றி இரவல் தருகின்றன. அவ்வாறே மணாலியிலும் லேயிலும் அரசே இக்கருவிகளை வைத்திருக்கலாம். பயணியின் அடையாளச் சான்றைப் பதிந்து, பிணைத்தொகை பெற்று ஒரு முனையில் வழங்கி, மறுமுனையில் திரும்பப் பெறலாம். கருவி எவர் கையில் உள்ளது என்பதை அரசு அறியும். மகன் எவ்விடத்தில் உள்ளான் என்பதைத் தாய் அறிவாள். பாதுகாப்பும் பரிவும் இங்கு முரண்படவில்லை.

அந்நாள் வரும்வரை, வெளிநாட்டு உறவினர் வழியே இக்கருவியைத் தருவித்து மறைவாக எடுத்துச் செல்லும் எண்ணத்தை மாணவர்கள் அறவே விலக்க வேண்டும். உயிர் காக்கக் கொண்ட கருவி சிறைக்கு வழிகாட்டியாகிவிடலாகாது. உரிமம் உள்ள நாடுகளில் பயணம் செய்யும் நம் இளைஞர்களும் சிலவற்றை நினைவிற்கொள்ளுதல் நலம். கருவியை வண்டியில் பூட்டாமல் தம் உடலோடு அணிதல் வேண்டும். வீழ்ந்தவன் ஓரிடத்திலும் வண்டி பள்ளத்திலுமாகக் கிடந்தால் எட்டாத பொத்தானால் பயனில்லை. அது வானத்தைப் பார்த்திருக்க வேண்டும். செங்குத்துப் பாறையும் அடர்ந்த மரமும் குறிப்பலையை மறைக்கும். ஆகவே, புள்ளி சற்று நேரம் நகரவில்லை எனில் இல்லத்தார் கலங்காதிருக்கவும், எத்தனை மணி நேரம் கடந்தால் எவரை அழைக்க வேண்டும் என்பதை அறிந்திருக்கவும், புறப்படுமுன்பே பேசி முடிவு செய்தல் வேண்டும். சக்கரத்தில் காற்றிறங்கியதற்கெல்லாம் அபயப் பொத்தானை அழுத்துதல் மீட்போரின் உயிரோடு விளையாடுவதாகும். கருவி உண்டு என்னும் துணிவில், செல்லத்தகாத பருவத்தில் செல்லத்தகாத வழியில் செல்லுதல் பேதைமை.

பெரியோர்க்கும் ஒரு விண்ணப்பம். தடங்காட்டியைக் கயிறாக்கி இளையோரைக் கட்டிவைக்க முனையாதீர்கள். இவ்விடத்தில் ஏன் நின்றாய், அவ்வூருக்கு ஏன் சென்றாய் எனப் புள்ளிதோறும் வினவத் தொடங்கினால், அடுத்த பயணத்தில் அக்கருவி பெட்டிக்குள் உறங்கும். வேண்டாத வேளையில் வினவாதவர்க்கே வேண்டிய வேளையில் செய்தி வரும்.

ஓரூரின் சாலைகளைச் செப்பனிடுவதோடு அரசின் கடமை முடிந்துவிடுவதில்லை. அச்சாலையில் வீழ்ந்தவனின் குரல் வந்து சேரவும் வழி செய்தல் அதன் கடமையே. கற்றோரும் இளைஞர் அமைப்புகளும் இக்கோரிக்கையை உரியோர் செவிகளுக்குக் கொண்டு செல்ல வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.