சாமுராய் அறத்தின் இரண்டு முனைகள்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

எங்கள் வீட்டு வாசலில் செருப்பு வைக்க ஒரு மரத்தட்டு உண்டு. அதில் மஞ்சள் நாடா ஒட்டி நான்கு கட்டங்களாகப் பிரித்து, அப்பா, அம்மா, பாப்பா, தம்பி என்று எழுதி வைத்திருக்கிறார் அப்பா. பாப்பா என்பது நான்தான்! ஒரகடத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் அவருக்கு வேலை. அங்கே கற்பிக்கும் ‘ஐந்து எஸ்’ முறையை வீட்டுக்கும் கொண்டு வந்துவிட்டார். வேண்டாததை நீக்கு, வேண்டியதை அதனதன் இடத்தில் வை, துடைத்துச் சுத்தமாக்கு, அந்த நிலையைக் காப்பாற்று, அதையே பழக்கமாக்கு என்பவைதான் அந்த ஐந்தும்.

பயிற்சி வகுப்பில் ஒருவர், சாமுராய் வீரர்களைப் போல் நீங்களும் நேரம் தவறாமல், குறை சொல்லாமல், இட்ட வேலையைச் செய்ய வேண்டும் என்று சொன்னாராம். அப்பா அதை இரவுச் சாப்பாட்டின்போது எங்களிடம் பெருமையோடு சொன்னார். அன்றிலிருந்து சாமுராய் யார், அவன் அறம் எது என்று அறிய எனக்கு ஆவல் உண்டாயிற்று.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை வசிப்பவர்களுக்கு ஜப்பான் தூரத்து நாடு அல்ல. கம்பெனி பஸ்களும், ஜப்பானிய எழுத்தில் பெயர்ப்பலகை வைத்த உணவகங்களும் நமக்குப் பழகிப் போனவை. ஆனால் ‘ஐந்து எஸ்’ முறைக்கும் சாமுராய்களுக்கும் நேரான உறவு கிடையாது. அது இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானியத் தொழிற்சாலைகளில் உருவான முறை. இதை அப்பாவிடம் சொன்னபோது அவருக்குச் சற்று ஏமாற்றந்தான்.

நான் படித்தவற்றுள் என்னை வியக்க வைத்த செய்தி வேறு. சாமுராய் என்றால் எந்நேரமும் வாளைச் சுழற்றுகிறவன் என்றே நாம் எண்ணுகிறோம். உண்மையில், தொகுகவா ஆட்சியில் ஜப்பானில் ஏறத்தாழ 250 ஆண்டுகள் பெரும் போரே இல்லை. சாமுராய்களில் பலர் கணக்கெழுதினார்கள், நெல் வரியைச் சரிபார்த்தார்கள், கோட்டை அலுவலகங்களில் எழுத்தர்களாய் இருந்தார்கள். சாவுக்கு ஆயத்தமாயிரு என்று போதிக்கும் ‘ஹககுரே’ நூலுக்குரிய யாமாமோட்டோ சுனெதோமோ ஒரு போரையும் கண்டவர் அல்லர். 1876-இல் பொது இடங்களில் வாள் அணிவதற்கே தடை வந்தது. அதன் பிறகு, 1900-ஆம் ஆண்டில்தான் நிடோபே இனாசோ என்பவர் ‘புஷிடோ’ என்ற புகழ்பெற்ற நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஆகவே சாமுராய் அறத்தை அன்றாட வாழ்வில் கைக்கொள்வது ஒன்றும் புதிய முயற்சி அன்று. வாள் உறையில் கிடந்த காலத்தில்தான் அது ஏட்டில் ஏறியது.

சரி, அந்த அறம் வெறும் கீழ்ப்படிதல்தானா? இங்குதான் பயிற்சி வகுப்பில் பேசியவரோடு நான் மாறுபடுகிறேன். பழைய கமகுரா காலத்தில் பிரபுவுக்கும் வீரனுக்கும் இருந்த உறவை இரண்டு சொற்களால் குறித்தார்கள். ‘கோஒன்’ என்பது பிரபு செய்யும் உபகாரம்: நிலம் தருதல், காத்தல். ‘ஹோகோ’ என்பது அதற்கு ஈடாக வீரன் செய்யும் சேவை. கயிற்றுக்கு இரண்டு முனைகள் இருந்தன. நிடோபேயும் விசுவாசத்தைப் போற்றுகிறார். ஆனால் எஜமானின் மனம்போன போக்குக்குத் தன் மனச்சாட்சியைப் பலி கொடுப்பவனை அந்த நெறி இழிவாகவே கருதியது என்று எழுதுகிறார். எஜமான் தவறினால் அவனுக்கு எடுத்துச் சொல்வதே உண்மை விசுவாசமாம்.

இந்த முனையை மறந்தால் என்ன ஆகும் என்பதையும் ஜப்பானே காட்டிவிட்டது. இரண்டாம் உலகப் போரில் இதே வீர அறத்தின் பெயரைச் சொல்லித்தான் இளம் விமானிகளை எதிரிக் கப்பல்கள்மீது மோதிச் சாக அனுப்பினார்கள்.

நம் பக்கத்துக்கு வருவோம். 2021 டிசம்பரில் நம் ஸ்ரீபெரும்புதூர் அருகே, மின்னணுத் தொழிற்சாலை ஒன்றின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில், கெட்டுப்போன உணவை உண்டு பலர் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. அந்த அக்காமார்கள் திரண்டு சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவில் உட்கார்ந்தார்கள். போக்குவரத்து நின்றது, பலர் முகம் சுளித்தார்கள். ஆலை மூடப்பட்டு, மறு மாதம் திறந்தது. விடுதிகளைச் சீர்படுத்த வேண்டியதாயிற்று. ஒழுங்காக ஷிப்டுக்குப் போய்வந்த பெண்கள்தாம் அவர்கள். ‘ஹோகோ’ குறையவில்லை, ‘கோஒன்’ எங்கே என்றுதான் கேட்டார்கள். அவர்களை ஒழுக்கங்கெட்டவர்கள் என்று பேசியவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

என் அப்பா ஒன்பது ஆண்டுகளாகக் காண்ட்ராக்டில் இருக்கிறார். நிரந்தரத் தொழிலாளிக்கு ஒரு நிறச் சட்டை, இவருக்கு வேறு நிறச் சட்டை. வேலை மட்டும் ஒன்றே. அவர் ஐந்து நிமிடம் தாமதித்தால் அரை நாள் சம்பளம் போய்விடும். சாமுராயாக இருங்கள் என்று சொல்கிறவர்கள், தாங்கள் எப்படிப்பட்ட பிரபுவாக இருக்கப் போகிறார்கள் என்பதையும் அதே வகுப்பில் சொல்ல வேண்டாமா?

மறுத்துச் சொன்ன ஒரு சாமுராயும் உண்டு. 1542-இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், 1549-இல் ஜப்பானின் ககோஷிமாவில் இறங்கினார் என்பதை நாம் அறிவோம். அவர் தொடங்கிய பணி தொடர்ந்த நாட்களில், சிறுவனாய்த் திருமுழுக்குப் பெற்றவர் தகயாமா உகோன். பல போர்களில் தன் தலைவருக்காகப் போரிட்டவர். 1587-இல் ஹிதேயோஷி, விசுவாசத்தை விடு என்று கட்டளையிட்டபோது, வாளெடுத்துக் கலகம் செய்யாமல், முடியாது என்று சொல்லித் தம் நிலத்தையும் பதவியையும் விட்டு நீங்கினார். 1614-இல் நாடு கடத்தப்பட்டு, அடுத்த ஆண்டே மணிலாவில் இறந்தார். 2017-இல் ஒசாகாவில் அவருக்கு அருளாளர் பட்டம் அளிக்கப்பட்டது. மேலே இருப்பவருக்குப் பணிவதும் மறுப்பதும் ஒரே மனிதரிடம் இருக்கக் கூடும் என்பதை அவரிடம் காண்கிறேன்.

நம் தமிழில் இதற்குப் பஞ்சமா என்ன? கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கப் பரல் தெறித்ததும், தன் தீர்ப்புப் பிழைத்ததென்று அரியணையிலேயே உயிர்விட்டான் பாண்டியன். மேல்முனையில் இருந்தவன் அறம் காத்த கதை அது. (உயிரை விடும்படி எந்த மேலாளரையும் நான் கேட்கவில்லை!)

இனி வீட்டுக்கதை. எங்கள் செருப்புத் தட்டின் நான்கு கட்டங்களில் ‘தம்பி’ என்ற கட்டம் பெரும்பாலும் காலியாகவே இருக்கும். அவன் ஷூ கூடத்தில் ஒன்றும் திண்ணையில் ஒன்றுமாய்க் கிடக்கும். எடுத்து வைக்கும் பொறுப்பு எனக்கு. “பெண்பிள்ளை நீதானேம்மா பார்த்துக்கணும்” என்பார் அப்பா. இந்தக் கட்டுரையை ஆண்டுமலருக்குக் கொடுக்குமுன் அவரிடம் முழுதும் படித்துக் காட்டினேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். “கம்பெனி பேரை மட்டும் போட்டுடாதேம்மா” என்றார். பிறகு தம்பியைக் கூப்பிட்டு, கூடத்தில் கிடந்த ஷூவைக் காட்டினார். அவன் என்னை முறைத்துக்கொண்டே அதை எடுத்துப் போய்த் தட்டில் வைத்தான், என்னுடைய கட்டத்தில்.