ஆறு மாசமா, மூணு மாசமா?

போன ஞாயிற்றுக்கிழமை மகளின் பி.காம் நோட்டைச் சும்மா புரட்டினேன். "செக் ஆறு மாதம் செல்லும்" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. 2012 ஏப்ரல் 1 முதல் மூன்று மாதம்தான் சாமி! நான் தஞ்சாவூரில் பி.காம் படித்த 1997-ல் ஆறு மாதம் சரி. அதே நோட்டு ரயிலேறி நாக்பூர் வந்துவிட்டது போல.

"பரீட்சைல எதைப்பா எழுதட்டும்?" என்றாள். "ஆறுன்னே எழுதிடும்மா" என்றேன். இருபது வருடமாக வங்கியில் குப்பை கொட்டுகிறவன் சொன்ன பதில்! எனக்கே கேவலமாக இருந்தது.

ஒரு வரியைத் திருத்துவது பெரிய விஷயமில்லை. இத்தனை வருடம் அது யார் கண்ணிலும் படவில்லையே, ஏன்? அந்தப் பாடத்தில் யாரும் செக்கைக் கையில் எடுத்துப் பார்ப்பதே இல்லை. பாடத்திட்டத்தின் முதல் பக்கத்தில் "மாணவர் பகுப்பாய்வு செய்வார், பயன்படுத்துவார்" என்று அமர்க்களமாகப் போட்டிருக்கிறார்கள். கேள்வித்தாளிலோ "செக் - வரையறு. கிராஸிங் வகைகளை விவரி." பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், கேள்வித்தாளைத்தான் படிப்பார்கள். படிப்பு முடியும்போது மாணவனுக்கு என்ன செய்யத் தெரிய வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், வகுப்பும் பரீட்சையும் அதற்குப் பொருந்தட்டும் என்று ஜான் பிக்ஸ் என்ற கல்வியாளர் 1996-லேயே எழுதிவிட்டார்.

என்னிடம் விட்டால் பத்து செக் நகல் கொடுப்பேன். ஒன்று தேதி கடந்தது. ஒன்று அடுத்த மாதத் தேதி போட்டது. ஒன்றில் பெயரை அடித்துத் திருத்தியிருக்கும். இன்னொன்றில் எழுத்தில் ஒரு தொகை, எண்ணில் வேறு தொகை. 1881-ம் வருடத்து மாற்றுமுறை ஆவணச் சட்டம், பிரிவு 18, எழுத்தில் உள்ளதை எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. கவுண்டரில் நாங்கள் பெரும்பாலும் திருப்பித்தான் அனுப்புவோம். ஏன்? இந்த ஒரு கேள்விக்கே ஒரு பீரியட் போதாது. பாஸ் செய்வாயா, ரிட்டர்ன் செய்வாயா, காரணம் எழுது. அவ்வளவுதான் பரீட்சை.

"வகுப்பில் நூறு பேர் சார், எங்களுக்குப் பீரியட் கணக்கில் சம்பளம்" என்பார்கள். நியாயமான குறைதான், அந்தச் சம்பளத்தில் என்னாலும் குடும்பம் நடத்த முடியாது. பல்கலைக்கழகக் கேள்வித்தாளும் அவர்கள் கையில் இல்லை. ஆனால் இன்டர்னல் மார்க் கல்லூரியின் கையில்தானே இருக்கிறது? இப்போது அது இணையத்திலிருந்து காப்பியடித்த அசைன்மென்டுக்குப் போகிறது. அதில் இந்தப் பத்து செக்கை வைக்கலாமே. ஜெராக்ஸ் செலவு ஆளுக்குச் சில ரூபாய். கட்டுகிற பீஸில் அதுகூடவா கிடைக்காது?

அன்று சாயங்காலமே பழைய செக் தாளை நகலெடுத்து, பத்து தயார் செய்து மகளிடம் நீட்டினேன். நாலுதான் சரி. அதே பேப்பரில் போன செமஸ்டர் 78 மார்க் வாங்கியவள்! முகம் சுருங்கிவிட்டது. அரை மணி நேரம் கழித்து, "அந்த ஏழாவது செக்கை ஏம்பா திருப்பணும்?" என்று அவளே வந்து சண்டைக்கு நின்றாள். அடுத்த ஞாயிறு தோழிகள் மூன்று பேரைக் கூட்டி வருகிறாளாம். இன்னும் பத்து செக் தயார் செய்ய வேண்டும்.