வரையாடும் வரைந்த ஆடும்

சேவைச் சங்கக் கூட்டங்களுக்கென்று ஒரு முறை உண்டு. முதலில் தலைவர் மணி அடிப்பார். பிறகு காரியதரிசி அறிக்கை வாசிப்பார். அப்புறம் சிறப்பு விருந்தினரை ஒருவர் அறிமுகம் செய்து வைப்பார். விருந்தினர் பேச வந்ததை எல்லாம் அவரே பேசிவிட்டு உட்காருவார். கடைசியில் சாப்பாடு. இந்தக் கடைசி அம்சத்தை உத்தேசித்துத்தான் பலர் முதல் மூன்றையும் பொறுத்துக் கொள்கிறார்கள் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

சென்ற மாதம் எங்கள் பேட்டைச் சங்கத்தில் குடும்ப மாலை. அங்கத்தினர்கள் மனைவி மக்களோடு வந்திருந்தார்கள். அன்று பேச வந்தவர் ஓர் ஓவியர். தெய்வங்களையோ, சினிமா நட்சத்திரங்களையோ எழுதுகிறவர் அல்ல. காட்டு மிருகங்களை எழுதுகிறவர். பத்திரிகையில் பெயர் வேண்டாம் என்று கேட்டுக் கொண்டதால் ஓவியர் என்றே சொல்கிறேன்.

காரியதரிசி தம் அறிக்கையில் இந்த ஆண்டின் பெரிய திட்டத்தை வெளியிட்டார். நீலகிரியில் ஒரு மொட்டை மலைச் சரிவில் ஆயிரம் மரக்கன்றுகள் நடப் போகிறார்களாம். பலத்த கரகோஷம். நானும் கை தட்டினேன். ஓவியர் மட்டும் தட்டவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக் கொண்டிருந்தார்.

விளக்கை அணைத்துத் திரையில் முதல் படத்தைக் காட்டினார்கள். பச்சைப் புல் போர்த்த மலை. ஒரு பாறையின் விளிம்பில், விழுந்துவிடுமோ என்று நமக்குப் பயமாக இருக்கும்படி ஒரு பிராணி நின்றது.

"இது என்ன, குழந்தைகளே?"

"மான்!" என்றது ஒரு குரல். "கழுதை!" என்றது மற்றொன்று.

"வரையாடு. நம் தமிழ்நாட்டின் மாநில விலங்கு" என்றார் ஓவியர்.

முன் வரிசையில் இருந்த ஒரு மாமி, "வரைந்த ஆடு என்று பார்த்தாலே தெரிகிறதே, ஸார்! நிஜத்தில் அதற்கு என்ன பெயர்?" என்று கேட்டார்.

மண்டபம் சிரித்தது. ஓவியரும் சிரித்தார். "வரை என்றால் மலை, அம்மா. மலையில் வாழும் ஆடு, வரையாடு. சங்க நூல்களில் இதற்கு வருடை என்று பெயர். ஆனால் நீங்கள் சொன்னதும் பொய்யில்லை. நாம் கவனிக்காமல் விட்டால் ஒரு நாள் வரைந்த ஆடு மட்டும்தான் மிஞ்சும்."

சிரிப்பு அடங்கிவிட்டது.

தாம் முதலில் எழுதிய வரையாட்டைப் பற்றி அவர் சொன்னார். புகைப்படத்தைப் பார்த்து வீட்டிலேயே எழுதினாராம். பிறகு மலைக்குப் போய் மூன்று நாள் பனியிலும் குளிரிலும் உட்கார்ந்து பார்த்த பிறகுதான், தாம் எழுதியது கசாப்புக் கடை ஆடு என்று புரிந்ததாம்! நிஜ ஆட்டின் கொம்பு முறுக்கிக் கொள்ளாமல் பின்புறமாக வளைகிறது. வயது முதிர்ந்த கிடாவின் முதுகில் வெள்ளிச் சேணம் போட்டது போல் ஒரு வெளுப்பு. "படம் எழுதுவது கைவேலை அல்ல, பார்க்கிற வேலை" என்றார்.

அடுத்த படம் வந்தது. மலை நெடுக அடர்த்தியாக மரங்கள்.

"அழகாக இருக்கிறதே!" என்றார்கள் பெண்கள்.

"பச்சையாக இருக்கிறது. ஆடு எங்கே?" என்று கேட்டார் ஓவியர். சற்றுத் தயங்கிவிட்டுக் காரியதரிசியின் பக்கம் திரும்பினார். "விருந்தாளியாக வந்த இடத்தில் இதைச் சொல்லலாமா என்று முதலிலிருந்தே யோசிக்கிறேன். சொல்லாமல் போனால் சாப்பாடு இறங்காது. நீங்கள் மொட்டை மலை என்று சொன்னது ஒருவேளை இந்த ஆட்டின் வீடாக இருக்கலாம்."

நீலகிரி உச்சிகளில் புல்வெளிகள் இயற்கையாகவே உண்டானவை. இடையிடையே பள்ளங்களில் மட்டும் சோலைக் காடு. மழை நீரை வாங்கி வைத்துக் கொண்டு ஓடைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது இந்தப் புல்லும் சோலையும்தான். வெள்ளைக்காரர்கள் இதைத் தரிசு என்று நினைத்து பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தைல மரமும் வாட்டில் மரமும் கொண்டு வந்து வைத்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு நாமும் தொடர்ந்தோம். மரம் பரவப் பரவப் புல் போயிற்று. புல்லை நம்பிய ஆடும் ஒதுங்கிப் போயிற்று. 2022-இல் தமிழக அரசு வரையாட்டுக்கென்றே தனித் திட்டம் அறிவித்தது. தமிழ்நாட்டில் 2024-இல் எடுத்த கணக்கில் 1,031 ஆடுகள், 2025-இல் 1,303. ஒரு பெரிய கல்யாண மண்டபத்தில் அடங்கிவிடும் தொகை!

"மரம் வைப்பது புண்ணியம்தான். எங்கே வைக்கிறோம் என்று பார்த்து வைத்தால்" என்று முடித்தார் ஓவியர்.

காரியதரிசியின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

அந்த மௌனத்தைக் கலைத்தவரும் முன் வரிசை மாமிதான். "எங்கள் பேரன் கணக்கு நோட்டு முழுவதும் யானையும் புலியும் எழுதி வைக்கிறான். படம் எழுதி என்ன ஆகப் போகிறது?"

ஓவியர் பதிலுக்கு டேவிட் ஷெப்பர்டின் கதையைச் சொன்னார். இந்த ஆங்கிலேயர் வாலிபத்தில் வனக் காவலராக விரும்பிக் கென்யாவுக்குப் போனார். வேலை இல்லை என்றார்கள். லண்டனில் ஸ்லேடு ஓவியப் பள்ளிக்கு மனுப் போட்டார். திறமை இல்லை என்றார்கள். பஸ் ஓட்டப் போகலாமா என்று யோசித்தவரை ராபின் குட்வின் என்ற ஓவியர் சிஷ்யராக ஏற்றார். ஷெப்பர்டு விமானங்களை எழுதிப் பேர் வாங்கினார். 1960-இல் கென்யாவில் இருந்த விமானப் படையினர், 'விமானத்தைத்தான் தினமும் பார்க்கிறோமே, இந்த ஊர் மிருகத்தை எழுதிக் கொடும்' என்றார்கள். அந்தச் சமயத்தில்தான் தாங்கனிக்காவில், விஷம் கலந்த நீர்நிலை ஒன்றின் அருகில் 255 வரிக்குதிரைகள் செத்துக் கிடந்ததைக் கண்டார். தமக்குச் சோறு போடும் பிராணிகளுக்குத் தாம் கடன்பட்டிருப்பதாக அன்று முதல் நினைத்தார். 1973-இல் நம் நாட்டுப் புலிப் பாதுகாப்புத் திட்டத்துக்காக அவர் ஒரு புலிப் படம் எழுதினார். அதன் பிரதிகளை விற்றதில் 1,27,500 பவுன் கிடைத்தது. 2017-இல் காலமாகும் வரை கடனைத் திருப்பிக் கொடுத்துக் கொண்டே இருந்தார்.

"ஒரு படத்தால் இவ்வளவும் ஆகும், அம்மா" என்றார் ஓவியர்.

சங்கத் தலைவர் எழுந்தார். ஓய்வு பெற்ற இன்ஜினீயர், அதிகம் பேசாதவர். "மரக்கன்றுகள் பள்ளிக்கூட மைதானங்களுக்குப் போகட்டும். மலைக்கு நாம் வெறுங்கையோடு ஒரு முறை போய், பார்த்துவிட்டு மட்டும் வருவோம்" என்றார். முதலில் கை தட்டியவர் காரியதரிசி. அதற்கு எவ்வளவு பெரிய மனசு வேண்டும் என்று, சங்கங்களில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

சாப்பாட்டுப் பந்தியில் மாமியின் பேரன் அழைப்பிதழின் பின்புறம் ஏதோ கிறுக்கிக் கொண்டு வந்து நீட்டினான். ஓவியர் உற்றுப் பார்த்தார். "கொம்பு இன்னும் பின்னாலே வளையணும், தம்பி. மற்றதெல்லாம் சரி."

"அப்போ கணக்கு?" என்றார் மாமி, விடாமல்.

"அதுவும் நன்றாகப் படி, அப்பா. மலையில் ஆட்டை எண்ணுவதற்கு ஆள் வேண்டுமே!"