செக்‌ஷன் 31: தொலைந்த கேள்வி

2019இல் தொடராக அறிவிக்கப்பட்ட 'ஸ்டார் ட்ரெக்: செக்‌ஷன் 31', 2025 ஜனவரியில் ஒரேயொரு படமாகத்தான் வந்தது. மிஷெல் யோ நடிச்சும் எங்களுக்குப் பிடிக்கேல்லை.

1998இல் 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில் இந்த இரகசிய அமைப்பு அறிமுகமானபோது கேள்வி ஒன்று இருந்தது: வறுமையை ஒழித்த ஒரு நல்ல சமூகம், தன்னைக் காப்பாற்ற எதையும் செய்யலாமோ? எதிரி இனத்தையே அழிக்க நோய் பரப்பினது இவங்கள்தான். சேர மறுத்த டொக்டர் பஷீர் அந்த நோய்க்கு மருந்து தேடினார்.

படத்தில் சண்டையும் பகிடியும்தான். குடும்பத்துக்கே நஞ்சு வைத்துப் பேரரசியான ஜோர்ஜியூவோடு கதை தொடங்குது (நல்ல தொடக்கம்!), பிறகு அவசரமா ஓடுது. 'ஸ்டார் வோர்ஸ்' உலகத்து உளவுக் கதையான 'அன்டோர்', முதல் அத்தியாயத்தில் விழுந்த இரண்டு கொலைகளுக்கு அடுத்தடுத்த அத்தியாயங்களிலும் கணக்குக் கேட்டது.