ரயில்வே வேலை ஆட்டத்தைக் கொன்றதா?

இந்தியப் பெண்கள் கூடைப்பந்து ஏன் வளரவில்லை என்று கேட்டால், நம் கல்விப்புலத்தில் ஒரு விடை எப்போதும் தயாராக இருக்கிறது. அரசு வேலைதான் காரணமாம். விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயில் இடம் கிடைத்ததும் வீராங்கனையின் வேட்கை தணிந்துவிடுகிறதாம். தனியார் லீக் வந்தால் எல்லாம் மாறிவிடுமாம். கருத்தரங்குகளில் அடிக்கடி கேட்கும் இந்த வாதத்தை யாரும் சரிபார்ப்பதில்லை. ஒரே ஒரு வீராங்கனையின் விளையாட்டு வாழ்க்கையை எடுத்துக்கொண்டு சரிபார்ப்போம்.

கீது அன்னா ஜோஸ் கேரளத்தின் கோட்டயம் பகுதியிலிருந்து வந்தவர். ஆறடி இரண்டு அங்குல உயரம் கொண்டவர். தென்னக ரயில்வேக்காக ஆடியவர். இந்திய அணியின் தலைவராக இருந்தவர். 2006 முதல் 2008 வரை ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் ஹாக்ஸ் கழகத்துக்கு ஆடினார். 2011இல் அமெரிக்கா சென்று டபிள்யூ.என்.பி.ஏ.வின் மூன்று அணிகளுடைய தேர்வுப் பயிற்சிகளில் பங்கேற்றார். எந்த அணியும் ஒப்பந்தம் தரவில்லை. 2014இல் அர்ஜுனா விருது பெற்றார். ரயில்வே ஊதியம் வேட்கையைத் தணிக்கும் என்பது உண்மையானால், 2011இல் இவர் விமானம் ஏறியதற்கு என்ன விளக்கம்?

அப்படியானால் திறமை போதவில்லை என்று அடுத்த விடை வரும். அதற்குமுன் ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பாருங்கள். அன்று டபிள்யூ.என்.பி.ஏ.வில் 12 அணிகள்; அணிக்கு 11 பேர்; மொத்தம் 132 இடங்கள். ஆண்களின் என்.பி.ஏ.வில் 30 அணிகள். அணிக்கு 15 பேர் என்றால் 450 இடங்கள். அமெரிக்கக் கல்லூரிகள் ஆண்டுதோறும் உருவாக்கி அனுப்பும் வீராங்கனைகளும், ஐரோப்பாவின் தேர்ந்த வீராங்கனைகளும் அந்த 132 இடங்களுக்குத்தான் மோதினார்கள். உள்நாட்டில் ஒரு தொழில்முறைப் போட்டியைக்கூடக் காணாத ஒருவர் அந்த வாசல்வரை சென்றதே நாம் ஆராய வேண்டிய செய்தி. ஆனால் நாம் யாரை ஆராய்ந்தோம்? 2015இல் டல்லாஸ் அணி 52ஆவது தேர்வாக எடுத்த சத்னாம் சிங்கை நாடே கொண்டாடியது. அவரைப் பற்றி ஆவணப்படம் வந்தது. அவர் என்.பி.ஏ.வின் முதன்மைப் போட்டியில் ஒருமுறையும் களமிறங்கவில்லை. அவரைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. ஏறத்தாழ ஒரே வாசலில் நின்ற இருவரில் ஒருவர் வரலாறாகவும் மற்றொருவர் அடிக்குறிப்பாகவும் ஆனது எப்படி என்று கேட்கிறேன்.

இனி, வரவிருப்பதாகச் சொல்லப்படும் சந்தைக்கு வருவோம். அது வரவில்லை என்பதல்ல; வந்தது. 2015இல் யு.பி.ஏ. என்ற தொழில்முறை லீக் தொடங்கியது; ஆண்கள் மட்டுமே ஆடினர். 2022இல் இந்திய தேசியக் கூடைப்பந்து லீக்கின் ஐவர் ஆட்டம் ஆறு நகர அணிகளுடன் தொடங்கியது. அவை ஆறும் ஆண்கள் அணிகள். சந்தை தன் முன்னுரிமையை இரண்டு முறை தெளிவாகச் சொல்லிவிட்டது. நாம்தான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

அமெரிக்காவைப் பாருங்கள் என்பார்கள். பார்ப்போம். அந்த லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களுள் ஒருவரான டயானா டௌராசி 2015 பருவம் முழுவதும் அங்கு ஆடவில்லை. அவரை ஓய்வெடுக்கச் சொல்லி, அமெரிக்க ஊதியத்தைவிட அதிகமாகப் பணம் தந்தது ரஷ்யாவின் எகாத்தரின்பர்க் கழகம். அதே கழகத்துக்கு ஆடிவந்த பிரிட்னி கிரைனர் 2022 பிப்ரவரியில் மாஸ்கோ விமான நிலையத்தில் கைதாகி, டிசம்பர்வரை சிறையில் இருந்தார். உலகின் முதன்மையான பெண்கள் லீக்கின் நட்சத்திரங்களே குளிர்காலத்தில் வேறு நாட்டில் பிழைப்புத் தேட வேண்டியிருந்தது. மகப்பேறு விடுப்பில் முழு ஊதியம் என்பது 2020 ஒப்பந்தத்தில்தான் அவர்களுக்கு எழுத்தில் உறுதியானது. அதைச் சந்தை தரவில்லை; வீராங்கனைகளின் தொழிற்சங்கம் பேரம் பேசிப் பெற்றது.

இப்போது நம் ரயில்வேயைத் திரும்பிப் பார்ப்போம். மத்திய அரசு ஊழியருக்கு 180 நாள் மகப்பேறு விடுப்பு உண்டு. குழந்தை பராமரிப்பு விடுப்பு உண்டு. மாத ஊதியம் உண்டு. முழங்கால் நாண் அறுந்தாலும் வேலை போகாது. தென்னக ரயில்வேயின் அனிதா பால்துரை 2000 முதல் 2017 வரை இந்திய அணிக்கு ஆடினார். ஒன்பது ஆசியப் போட்டிகள் கண்டார். 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். இத்தனை நீண்ட ஆட்ட வாழ்க்கையை எந்த லீக் தாங்கிப் பிடித்தது? எதுவுமில்லை. நாம் ஏளனம் செய்யும் அந்த அரசு வேலைதான் தாங்கியது.

ரயில்வேக்குப் பல்லாண்டு பாடுவது என் நோக்கமன்று. அந்த ஏற்பாட்டின் குறை ஆழமானது. ஆட்டமே அவருடைய உழைப்பு. ஆனால் பதிவேட்டில் அவர் ஓர் எழுத்தர் அல்லது பயணச்சீட்டுப் பரிசோதகர். ஆட்டம் சலுகையாகப் பதிவாகிறதே தவிர உழைப்பாகப் பதிவாவதில்லை. இடங்களோ மிகச் சில. அவற்றை எட்டாதவர்கள் எங்கே போனார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை. விமர்சனம் இங்கிருந்து தொடங்க வேண்டும். இருக்கும் ஒரே பாதுகாப்பை இடித்துவிட்டு, இல்லாத லீக்குக்காகக் காத்திருக்கச் சொல்வது விமர்சனமாகாது.

ஆய்வு மாணவர்களுக்கு இது புரியாத செய்தியா? நாம் பெறுவதும் ஊதியமன்று, உதவித்தொகை. நம் உழைப்பும் ஏட்டில் உழைப்பன்று. முனைவர் பட்ட ஆய்வுக்காலத்தில் பெண்களுக்கு 240 நாள் விடுப்பு என்பது பல்கலைக்கழக மானியக்குழு விதிமுறையில் எழுதப்பட்டிருப்பதால்தான் அதைக் கேட்டுப் பெற முடிகிறது. எழுதப்படாத இடத்தில் நெறியாளரின் கருணையை நம்பியிருக்க வேண்டும். ஒப்பந்தமற்ற வீராங்கனையின் நிலையும் அதுவே. இதை அறிந்த நாமே, அவரைப் பற்றி எழுதும்போது மட்டும் ஊதியம், ஒப்பந்தம், காயம், விடுப்பு ஆகிய சொற்களைக் கைவிட்டு, உத்வேகம், அதிகாரமளித்தல் என்று எழுதிக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே சில கோரிக்கைகள். பொதுப்பணத்தில் கட்டிய அரங்கைப் பயன்படுத்தும் எந்த லீக்கும் அதே பருவத்தில், அதே எண்ணிக்கையில் பெண்கள் அணிகளையும் களமிறக்க வேண்டும். ஒப்பந்தத்தில் காயச் சிகிச்சையும் மகப்பேறு ஊதியமும் எழுத்தில் இருக்க வேண்டும். பொதுத்துறை நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் விளையாட்டு ஒதுக்கீட்டில் பெண்களுக்கு எத்தனை இடம் நிரப்பின, எத்தனை காலியாக விட்டன என்பதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். இந்தக் கடைசிக் கோரிக்கைக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம் போதும். அவரவர் பல்கலைக்கழகத்தில் இந்த வாரமே ஒரு மனு போடுங்கள். வரும் விடைகளைத் தொகுத்தால், அடுத்த கருத்தரங்கில் வேட்கையைப் பற்றிப் பேசுவோரிடம் எண்களைக் காட்டிப் பேசலாம்.