போர்க்காலத்தில் நடுநிலை: எங்கள் நிலைப்பாடு

எங்கள் சங்கம் எந்தப் போரிலும் எந்த அணியிலும் சேர்ந்ததில்லை, இனியும் சேராது. இதைச் சொல்லும்போதெல்லாம் எதிரே இருப்பவர் கேட்பது ஒன்றுதான்: அப்படியானால் நடப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பீர்களா? நியாயமான கேள்வி. பொதுக்குழுவில் விவாதித்து நாங்கள் வந்தடைந்த விடையை இங்கே வைக்கிறோம்.

சண்டையில் சேர மறுப்பது குற்றமில்லை. தன் பிள்ளைகளைப் போர்முனைக்கு அனுப்பாத சிறிய நாட்டை யாரும் கூண்டில் ஏற்ற முடியாது. ஆனால் சேராதவர் கையிலும் சில பொருள்கள் இருக்கின்றன: வாசல், பணப்பெட்டி, தெரிந்த செய்தி. அவற்றை வைத்து அவர் செய்தது எல்லாம் அவருடைய செயலே. அந்தப் பழியைச் சண்டையிடுகிறவர் தலையில் கட்ட முடியாது.

இரண்டாம் உலகப் போரில் சுவிட்சர்லாந்து இதற்குத் தெளிவான சான்று. 1815 முதல் ஐரோப்பிய வல்லரசுகள் ஒப்புக்கொண்ட நடுநிலை அதனுடையது. ஹிட்லர், முசோலினி படைகளுக்கு நடுவே அது இருந்தது; படையெடுப்பு அச்சம் பொய்யல்ல. ஆனால் ஜெர்மன் யூதர்களின் கடவுச்சீட்டில் ‘ஜே’ முத்திரை குத்தும் ஏற்பாடு, போர் தொடங்கும் முன்பே, 1938-இல், சுவிஸ் அதிகாரிகளும் பெர்லினும் பேசி முடித்தது. எல்லையில் யூதர்களைக் கண்டுபிடித்துத் தடுக்க ஒரு வழி சுவிஸ் தரப்புக்குத் தேவைப்பட்டது. 1942 ஆகஸ்டில் எல்லை மூடப்பட்டது. இனத்தின் பேரால் மட்டும் விரட்டப்படுகிறவர் அரசியல் அகதி ஆகமாட்டார் என்றது அரசு. அந்தக் காலத்தை ஆராய்ந்து 2002-இல் இறுதி அறிக்கை தந்த பெர்ஜியர் ஆணையம், 20,000-க்கும் மேற்பட்டோர் எல்லையில் திருப்பி அனுப்பப்பட்டதாக மதிப்பிட்டது. உள்ளே விடப்பட்டவர்களும் பல்லாயிரம் பேர் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. வாசல் ஒரு பக்கம் மூடிக்கொண்டிருக்க, பணப்பெட்டி திறந்தே இருந்தது. சுவிஸ் தேசிய வங்கி ஜெர்மன் மத்திய வங்கியிடம் சுமார் 120 கோடி பிராங்க் மதிப்புள்ள தங்கம் வாங்கியது. கொள்ளைச் சொத்தில் கை வைக்காதீர்கள் என்று 1943 ஜனவரியில் நேச நாடுகள் எச்சரித்த பின்னும் வாங்கியது.

வேறு வழி இருந்ததா என்று கேட்பவர்களுக்கு செயின்ட் காலன் மாநிலக் காவல் அதிகாரி பவுல் குரூனிங்கரைக் காட்டுகிறோம். ஆவணங்களில் வருகைத் தேதியை முன்தேதியிட்டு நூற்றுக்கணக்கான யூதர்களை உள்ளே விட்டார். 1939-இல் வேலை போனது, 1940-இல் அபராதம். வறுமையில் 1972-இல் இறந்தவரை நீதிமன்றம் விடுவித்தது 1995-இல்.

செய்தியை என்ன செய்வது என்பதுதான் எங்களைப் போன்ற அமைப்புகளுக்குக் கடினமான கேள்வி. 1942 அக்டோபர் 14 அன்று சர்வதேச செஞ்சிலுவைக் குழு ஜெனீவாவில் கூடியது. யூதர்கள் நாடுகடத்தப்படுவதும் கொல்லப்படுவதும் அதற்குத் தெரியும். பகிரங்க வேண்டுகோளுக்கு வரைவு தயாராக இருந்தது, பொதுப்படையான வரைவுதான். சுவிஸ் அதிபர் பிலிப் எட்டர் எதிர்த்தார். வேண்டுகோள் வெளிவரவில்லை. பேசினால் போர்க் கைதிகளைப் பார்க்கும் அனுமதி பறிபோகும் என்ற அச்சம் வெறும் சாக்கு என்று நாங்கள் சொல்லமாட்டோம். முகாமில் கிடக்கிற கைதிக்கு அந்த அனுமதி உயிர். ஆனாலும் அன்றைய முடிவு தவறு. பின்னாளில் அந்தக் குழுவே அதைத் தன் பெருந்தோல்வியாக ஏற்றுக்கொண்டது.

இலங்கைப் போரின் இறுதிக் கட்டத்தில் வன்னியில் நடந்ததைத் தமிழர்கள் மறக்கவில்லை. 2008 செப்டம்பரில், பாதுகாப்புக்கு உத்தரவாதம் தர முடியாது என்று இலங்கை அரசு சொன்னதும், கிளிநொச்சியிலிருந்து ஐ.நா. வெளியேறியது. போகாதீர்கள் என்று மக்கள் வாசலில் நின்று கெஞ்சினார்கள். அதன் பிறகு இறந்தவர்களின் எண்ணிக்கையை ஐ.நா. அலுவலர்கள் திரட்டினார்கள், நிறுவனம் அதை வெளியிடத் தயங்கியது. 2012 நவம்பரில் சார்லஸ் பெட்ரி தலைமையிலான உள்விசாரணை இதை அமைப்பு முழுவதன் தோல்வி என்றது. செஞ்சிலுவைக் குழுவோ 2009-இல் புதுமாத்தளன் கரையிலிருந்து காயம்பட்டவர்களைக் கப்பலேற்றிக்கொண்டே, அங்கே நடப்பது பேரழிவு என்று வெளிப்படையாகச் சொன்னது. களத்தில் இருந்துகொண்டே பேச முடியும் என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

ஆகவே எங்கள் நிலைப்பாடு இது. போரிடும் தரப்புகளில் எது வெல்ல வேண்டும் என்பது பற்றி நாங்கள் பேசமாட்டோம். ஆயுதமற்றவர்கள் கொல்லப்படும்போது, கொல்வது யாராக இருந்தாலும், தெரிந்ததை, தெரிந்த அளவில், பெயரோடு சொல்வோம். அதனால் ஒரு பகுதிக்குள் நுழைய அனுமதி போகும் என்றால், அங்கே எங்களை நம்பியிருப்பவர்களிடம் முதலில் கேட்போம், அதிகாரிகளிடம் அல்ல. இரு தரப்பையும் சமமாகக் கண்டித்துத் தராசைச் சரிசெய்யும் வழக்கத்தைக் கைவிடுகிறோம். போரில் கொள்ளையடித்த பொருள் என்று சந்தேகத்துக்கு இடமான எந்த நன்கொடையையும் ஏற்கமாட்டோம்.

இந்திய அரசுக்கும் ஒரு கோரிக்கை. 1983 முதல் தமிழ்நாடு ஈழத்து அகதிகளுக்கு வாசலைத் திறந்தது, அது பெருமைக்குரியது. ஆனால் இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் இன்றுவரை சேரவில்லை, அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இயற்றவில்லை. வந்தவர் நிலை அந்தந்த அரசின் மனநிலையைப் பொறுத்தே இருக்கிறது. முகாமிலேயே பிறந்து வளர்ந்த தலைமுறையும் அப்படியே காத்திருக்கிறது. நாடாளுமன்றம் அகதிகள் சட்டத்தை நிறைவேற்ற வேண்டும். அதற்காகக் குரல் கொடுக்குமாறு தமிழ்நாட்டின் எல்லாக் கட்சிகளின் உறுப்பினர்களையும் கேட்டுக்கொள்கிறோம்.