சிப்பி டயல் மஞ்சளித்தால் டூப்ளிகேட்டா?

சென்ற மாதம் கச்சிராயபாளையத்துச் சில்லறை வியாபாரி ஒருவர் நம் மண்டிக்கு வந்தார். பத்து வருடங்களுக்கு முன் தீபாவளி அன்பளிப்பாக நாம் கொடுத்த பெண்கள் கைக்கடிகாரத்தைக் கல்லாவின் மேல் வைத்தார். "ஒரிஜினல் முத்துச்சிப்பி டயல்னு சொன்னீங்களே அண்ணே, ஓரமெல்லாம் மஞ்சளாயிடுச்சு. வீட்டுல டூப்ளிகேட்டுங்கறாங்க" என்றார்.

நமக்குச் சுருக்கென்றது. நாம் போட்ட புளியிலோ வெல்லத்திலோ அவர் ஒருநாளும் குறை சொன்னவரல்ல.

உண்மை என்னவென்றால், அசல் சிப்பியும் நிறம் மாறும். சுண்ணாம்புச் சத்து மெல்லிய தகடுகளாக அடுக்கி, நடுநடுவே புரதம் பசைபோல் பிடித்திருப்பதே அந்த மினுமினுப்பு. வெற்றிலைக்கு நாம் விற்கும் கிளிஞ்சல் சுண்ணாம்புக்கு இது பங்காளி. சுண்ணாம்பு அப்படியே இருக்கும். புரதம்தான் வெயிலிலும் சூட்டிலும் மெல்ல மஞ்சளிக்கும். டயலை ஒட்டிய பசையும் மேலே பூசிய வார்னிஷும் அதற்கு முன்பே பழுத்துவிடுவதும் உண்டு. சாயமேற்றிய நீலம், ரோஸ் டயல்கள் வெளிறும். ஈரமும் வெயிலும் அண்டாவிட்டால் பல பத்தாண்டுகள் கவலையில்லை.

கடிகாரம் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துத் திறந்தோம். பின்மூடியின் ரப்பர் வளையம் இறுகி வெடித்திருந்தது. கல்வராயன் மலைப் புளியை உடைத்து எடை போட்டு, வாட்சோடு கை கழுவும் வழக்கம் அந்த அம்மாவுக்கு. புளியின் அமிலம் சிப்பியை அரித்துவிடும். ஈரம் புகுந்த ஓரத்தில்தான் மஞ்சள்.

(தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுபோனது. அந்தச் சிப்பி சிறியது, ஓடும் மெல்லியது. பித்தானுக்கும் டயலுக்கும் பேர்போனது வட ஆஸ்திரேலியக் கடலின் தட்டளவு சிப்பி.)

நம் குறை வேறிடத்தில். விற்ற கடைக்காரர் "நூறு வருஷமானாலும் மாறாது" என்றார். நாமும் அதையே ஒப்பித்தோம். புதுப் புளி சிவப்பு, பழம்புளி கறுப்பு என்று வாடிக்கையாளரிடம் சொல்லித்தானே விற்கிறோம்? அதைப் போலி என்பார் உண்டா? ஃபேன்சி ஸ்டோர் வைத்துள்ள நம் சங்க உறுப்பினர்களும் சிப்பி டயலை அப்படியே சொல்லி விற்கட்டும். பிளாஸ்டிக் டயலைக் கண்டுபிடிக்க ஒரே மாடலில் இரண்டு வாட்சை அருகருகே வைத்துப் பாருங்கள்: அசல் சிப்பியில் ரேகை ஒன்றுபோல் ஒன்றிராது. அச்சடித்ததில் அச்சு அசலாக இருக்கும்.

வேறு வாட்ச் தருகிறோம் என்றோம். நண்பர் வேண்டாமென்றார். ரப்பர் வளையம் மாற்றிய கூலியை மட்டும் நம் கணக்கில் எழுதிக்கொண்டோம்.